பழைய ரவிக்கையும் பாதி பிளேடும்

1988-ல் நான் நடத்திய முதல் தையல் வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஆறாவது வாரம் நாலு பேர்தான் மிச்சம். அந்த நாலு பேரில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள். பாதியில் நின்றால் கல்யாண வீட்டில் என் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று வந்தவர்கள். ஆகக்கூடி, நான் பிடித்து வைத்திருந்தது இரண்டே பேரைத்தான்.

தப்பு எங்கே என்று புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. போகிற போக்கில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டுப் போனாள்: "டீச்சர், ஆறு வாரமா தமிழ் நேசன் பேப்பரைத்தான் வெட்டுறோம். என்னடி தைச்சேன்னு வீட்டுல கேக்குறாங்க."

அதுதான் நடந்தது. எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே நானும் சொல்லிக் கொடுத்தேன். பழைய பேப்பரை விரித்து, மார்புச் சுற்றளவை நாலால் வகுத்து, கைக்குழி வளைவு வரைந்து, வெட்டி, மறுபடி வரைந்து... நேசன் பேப்பர் அகலமாக இருந்தது, ரவிக்கைப் படம் வரைய வாகு. ஆனால் பேப்பரை வெட்டினால் யார் காசு கொடுப்பார்கள்?

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் ஊர் என்றால் மலேசியாவில் தெரியாத தமிழர் குறைவு. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிறது. நான் பிறந்த காலத்தில் டவுனைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கித்தா, அதாவது ரப்பர்க் காடுதான். அதில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தேன். அம்மா ரப்பர் பால் வெட்டுக்காரி. இருட்டோடு பெரட்டுக்கு, பெயர் கூப்பிடுகிற இடத்துக்குப் போய், வெட்டி, பால் எடுத்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க ஸ்டோருக்கு நடந்து, வீடு திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும்.

தோட்டத்தில் ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணி வீட்டில்தான் தையல் மிசின் இருந்தது. சிங்கர், கால் மிசின், கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூவேலை. கிராணி வீட்டம்மா எனக்குத் தையல் கற்றுக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கைக்குழந்தையைச் சாயங்காலம் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல மனுஷி. ஆனால் அவருக்கு எல்லாம் கணக்கு. அளவு எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் எடுப்பார், மறுபக்கமும் அதேதான் என்பார்.

பதினாலு வயதில் அம்மாவுக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். வலது தோள் சுருங்கிச் சுருங்கி நின்றது. அளவு சரி, வெட்டு சரி, தையலும் சரி. கிராணி அம்மாவுக்கும் காரணம் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் பழைய ரவிக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வலது தோளில் அம்மாவே கையால் ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருந்தார், அரை அங்குலம் இருக்கும். இத்தனை வருடம் காண்டா தூக்கிய தோள் அது. இடது தோளைவிட இறங்கி, மேலே சதை தடித்திருந்தது. டேப்பை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் அது எப்படித் தெரியும்?

இன்றைக்கும் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் இரண்டு தோளையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறேன். இப்போது காண்டா தூக்குபவர் யாரும் இல்லை, ஒரே தோளில் ஹேண்ட்பேக் மாட்டுகிறவர்கள்தான். அதிலும் வித்தியாசம் வரத்தான் செய்கிறது.

மூன்றாம் படிவத்து எஸ்ஆர்பி பரீட்சை முடித்ததும் மேலே படிக்கவில்லை. ஈப்போவில் ஒரு சட்டை பேக்டரியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். இரண்டு வருடம் கைப்பட்டி மட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை கைப்பட்டி, கைப்பட்டி, கைப்பட்டி. கண்ணை மூடிக்கொண்டு கைப்பட்டி வைப்பேன், ஒரு முழுச் சட்டை தைக்கச் சொன்னால் முழிப்பேன். ஆனாலும் அங்கே ஒரு நல்ல விஷயம் பிடித்துக்கொண்டேன்: எதை முதலில் தைப்பது, எதைப் பிறகு தைப்பது என்கிற வரிசை. சட்டைக்குத் தோளை மூட்டிவிட்டுக் காலர், பிறகு கை, அப்புறம்தான் பக்கத் தையல். வரிசை மாறினால் திறமை இருந்தும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கல்யாணம் ஆகி வேலையை விட்டுவிட்டு வந்தபோது, தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை வகுப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெட்டு முடிந்து, குளித்து, சோறாக்கிவிட்டு வருவார்கள். அதுதான் அந்த எட்டுப் பேர் வகுப்பு.

அந்த வருடம் டிசம்பர் விடுமுறையில் வழி தானாகத் திறந்தது. ஜனவரியில் பள்ளி திறக்கும். ஆரம்பப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு நீல பினாபோர், இடைநிலைப்பள்ளிப் பையன்களுக்குப் பச்சை சிலுவார், அதாவது கால்சட்டை. எல்லாத் தாய்மாரும் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார்கள், இரண்டு வருடம் தாங்க வேண்டுமே. வாங்கிவிட்டு, நீளத்தை மடித்துத் தைக்க ஆள் தேடுவார்கள். மிச்சமிருந்த நாலு பேரிடமும் சொன்னேன்: பேப்பரை மூட்டை கட்டுங்கள், லயத்தில் வீடு வீடாகப் போய் மடித்துத் தைக்க வேண்டிய துணியெல்லாம் வாங்கி வாருங்கள். ஒன்றுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்.

அந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொருத்தியும் கையில் காசு பார்த்தாள். நின்று போனவர்களில் இருவர் திரும்பி வந்தார்கள். பேப்பரைப் பற்றிச் சொன்ன பிள்ளையும் அதில் ஒருத்தி.

அதற்குப் பிறகு என் பாடத்தைத் தலைகீழாக மாற்றினேன். புதுத்துணி கடைசியில், பழைய துணி முதலில். இன்றுவரை அப்படித்தான் போகிறது. வீட்டில் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு உதவுமே என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதல் மூன்று நாள் நூலே கோக்க மாட்டோம். கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாளை மிசினில் வைத்து, கோட்டின் மேலேயே ஊசி போக வேண்டும். கால் மிசின் என்றால் சக்கரம் நம் பக்கம் சுற்ற வேண்டும். பின்பக்கம் சுற்றினால் நூல் அறுந்துவிடும். பழகாத காலுக்கு இதுதான் பெரிய தொல்லை. கரண்ட் மிசின் என்றால் வேகம்தான் தொல்லை. தாளில் தைத்தால் கோணல் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், நான் திட்ட வேண்டியதே இல்லை. அந்த ஊசியை அப்புறம் துணிக்குப் போடக்கூடாது, தாள் முனையை மழுக்கிவிடும்.

அடுத்து கால்சட்டை மடிப்பு, ஜிப் மாற்றுவது, பக்கம் பிடிப்பது, பிரித்துவிடுவது. மடிப்பு வைக்கும்போது மூன்று அங்குலம் உள்ளே விட்டால் அடுத்த வருடம் இறக்கிக் கொடுக்கலாம், அதற்கும் கூலி வரும். இறக்கினால் பழைய மடிப்புக் கோடு தெரியும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, அயர்ன் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். சாயம் போகுமா என்று உள்பக்கம் ஒரு ஓரத்தில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

பிறகுதான் ரவிக்கை. அதுவும் தைப்பது இல்லை, பிரிப்பது. ஒவ்வொருத்தியும் தனக்குக் கச்சிதமாக இருந்து நைந்துபோன ரவிக்கை ஒன்றைக் கொண்டு வர வேண்டும். அந்தக் காலத்தில் சீம் ரிப்பர் எல்லாம் எங்கள் ஊரில் கிடைக்காது. சவர பிளேடைப் பாதியாக உடைத்து, ஒரு பக்கம் பிளாஸ்டர் ஒட்டிக் கொடுப்பேன். ஒரு பக்கத்துத் தையலில் மூன்று விட்டு நாலாவது தையலை அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை இழுத்தால் சரசரவென்று வந்துவிடும், துணி கிழியாது. கடைசியாகத் தைத்தது முதலில் பிரியும். கொக்கிப் பட்டி, கழுத்துப் பட்டி, பக்கத் தையல், கை, தோள் என்று பிரிக்கிற வரிசையை நோட்டில் எழுதச் சொல்வேன். அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அதுவே தைக்கிற வரிசை. பேக்டரியில் ஐந்து வருடத்தில் எனக்குப் பிடிபட்டது இவர்களுக்கு ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும்.

பிரித்த துண்டுகளை அயர்ன் போட்டு, மலிவான காட்டன் துணியில் வைத்து வரைந்து, அதைத் தைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். அது பொருந்திய பிறகுதான் டேப், நாலால் வகுப்பது, கைக்குழி கணக்கு எல்லாம். அப்போது கணக்கு யாருக்கும் கசப்பதில்லை, தன் கையில் இருக்கிற வளைவு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான விளக்கம்தானே அது. கணக்கை முதலில் சொல்ல வேண்டும் என்கிற டீச்சர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். அவர்கள் வகுப்பில் எத்தனை பேர் கடைசி வரை நிற்கிறார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் வந்ததில்லை.

எல்லாப் பிள்ளைகளும் செய்கிற இரண்டு தப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, லைனிங் துணியை நனைக்காமல் வெட்டுவது. காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கும், மேல்துணி சுருங்காது, ரவிக்கை பொருமிக்கொண்டு நிற்கும். ராத்திரி தண்ணீரில் போட்டுக் காயவைத்து அயர்ன் போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். இரண்டாவது, கழுத்தை ஆழமாக இறக்கிவிட்டுத் தோள் அகலத்தை அப்படியே வைப்பது. கழுத்து இறங்க இறங்கத் தோளைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் போட்ட நேரமெல்லாம் தோளை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மிசின் கோளாறுக்கு ஓடி வருகிறவர்களும் அதிகம். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் தப்பு மேலே இருக்கும். மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை என்று அர்த்தம். துணியைப் பிடிக்கிற அழுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும். மெல்லிய துணிக்கு 9 அல்லது 11-ஆம் நம்பர் ஊசி, பள்ளிச் சிலுவாருக்கு 14, ஜீன்ஸுக்கு 16. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். ஒரு அம்மா எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை மிசினுக்கும் ஊற்றிவிட்டார். கொஞ்ச நாளில் பிசின் மாதிரி இறுகி, சக்கரம் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து இரண்டு நாள் போராடினோம்.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்திலும் கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாக டவுனுக்குக் கிளம்பியது. நானும் வந்தேன், மிசினும் வந்தது. டவுனில் ஒரு கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இடம் பிடித்தேன். தோட்டத்தில் என் மாணவிகள் எல்லாரும் தமிழர்கள். இங்கே மலாய்ப் பெண்களும் வந்தார்கள். லாசா என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தெமியார் பழங்குடிப் பெண் ஒரு வருடம் வந்தாள், பஸ்ஸுக்கே அவளுக்குப் பாதி நாள் போய்விடும். என் வகுப்பிலேயே சுத்தமாகப் பிரிக்கிற கை அவளுடையதுதான்.

மலாய்ப் பெண்கள் உடுத்துகிற பாஜு கூரோங் எனக்கு அப்போது தெரியாது. அது தெரியாமல் மலேசியாவில் தையல்காரி என்று சொல்லிக்கொள்ள முடியுமா? பக்கத்து வீட்டு மக்சிக்கிடம், மலாய் அம்மாவிடம் கேட்டேன். அவர் தன் பழைய கூரோங் ஒன்றைக் கொடுத்து, "பெலான் பெலான்" என்றார். மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்தில் பெசாக் என்கிற சாய்வுத் துண்டு, அக்குளில் கெக்கெக் என்கிற சதுரத் துண்டு. கையைத் தூக்கினால் உடுப்பு மேலே ஏறாததற்கு அந்தச் சின்னத் துண்டுதான் காரணம். கழுத்தைச் சுற்றி தூலாங் பெலூட், அதாவது விலாங்கு மீன் முள் மாதிரியான கைத்தையல். அது மட்டும் எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. மக்சிக் மூன்று முறை என் கண் முன்னாலேயே பிரித்தார். என் பிள்ளைகளுக்கு நான் செய்வதை எனக்கே செய்தார், கேட்க முடியுமா?

கூரோங் கைவந்த பிறகுதான் வருமானம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று வந்தது. அதே கூரோங்தான் 2005-ல் என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது. ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள், வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். அந்த வருடம் நவம்பர் 1 தீபாவளி, நவம்பர் 3 ஹரி ராயா. ஊரே தீபராயா என்று கொண்டாடியது. நான் வந்த ஆர்டரையெல்லாம் வாங்கிப் போட்டேன். யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, காசு ஆசையும்தான். கடைசி வாரம் மூன்று மணி நேரத் தூக்கம். தூக்கக் கலக்கத்தில் ஒரு பட்டு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். துணி மிச்சம் இல்லை. தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு அந்த அம்மா என் வாசலில் நின்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரிம்மா, பழச போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். துணிக்குக் காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

அடுத்த வருடமும் மூன்று நாள் இடைவெளிதான். அதற்குள் கதவில் பலகை தொங்கியது: தெம்பாஹான் டிதூத்துப், ஆர்டர் முடிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தைக்க முடியும் என்று எண்ணி, அதில் முக்கால் பங்குக்குத்தான் ஆர்டர். பலகை ஏறிய பிறகு என் நாத்தனார் வந்தாலும் இல்லைதான். அந்த ஒரு நாத்தனார் விஷயம் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேறு கதை.

காசு பேசுவதுதான் எங்கள் பெண்களுக்குத் தைப்பதைவிடக் கஷ்டம். "சும்மா ஒரு தையல்தானே, போட்டுக் கொடு" என்று வருவார்கள். சும்மா ஒரு தையலுக்கு நூல் மாற்ற வேண்டும், பாபின் சுற்ற வேண்டும், கையில் இருக்கிற வேலையை எடுத்து வைக்க வேண்டும். அதனால் என் வகுப்பில் விலைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுவதும் ஒரு பாடம். வாயால் சொல்லத் தயங்குகிறவளுக்காகச் சுவர் சொல்லும். பாதி முன்பணம் வாங்காமல் துணியில் கத்தரி வைக்கக்கூடாது. வெட்டிய துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தையல்காரி துணி எடுத்துக்கொள்வாள் என்கிற பேச்சு பல தலைமுறைப் பேச்சு. பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் விட்டு மூன்று ஓட்டம் தைத்துக் கொடுங்கள். அடுத்த வருடம் சதை போட்டால் ஒரு ஓட்டத்தைப் பிரித்துவிட உங்களிடமே வருவார்கள்.

சான்றிதழ் இல்லாத குறை எனக்கு நாற்பது வயதுக்கு மேல் உறைத்தது. ஒரு பயிற்சி நிலையத்தில் டீச்சர் வேலைக்குக் கேட்டார்கள். அனுபவம் சரி, சிஜில் எங்கே என்றார்கள். மறுபடி மாணவியாகப் போய் உட்கார வீடு விடவில்லை. அப்புறம்தான் பிபிடி பற்றித் தெரிந்தது. வேலையில் கற்றுக்கொண்டதை ஆதாரத்தோடு காட்டி, வகுப்புக்குப் போகாமலேயே மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம் வாங்குகிற வழி அது. ஆதாரம் என்றால் முடிந்த உடுப்பின் படம் மட்டும் போதாது. அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது என்று ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் கோப்பாக வைக்க வேண்டும், மலாயில் விளக்கம் எழுத வேண்டும். என்னிடம் இருபது வருட வேலை இருந்தது, ஒரு படம்கூட இல்லை. எல்லாவற்றையும் புதிதாகத் தைத்துப் படம் எடுத்தேன். இப்போது பிள்ளைகளிடம் முதல் நாளிலிருந்தே போனில் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வகுப்பு நின்றது. வீட்டில் இருந்தபடியே பிள்ளைகள் துணி முகக்கவசமும் தைத்தார்கள், மருத்துவப் பணியாளர்களுக்கான அங்கியும் தைத்தார்கள். அங்கித் துணி நெய்த துணி இல்லை, தாள் மாதிரி இருக்கும். நெருக்கமாகத் தைத்தால் ஊசி ஓட்டை வரிசையாக விழுந்து, தபால் தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். தையலை நீளமாக்க வேண்டும். முதல் நாளே தாளில் தைத்துப் பழகியவர்கள் என்பதால் போனில் ஒரு வார்த்தை சொன்னதும் புரிந்துகொண்டார்கள். கட்டுப்பாட்டுக்குப் பிறகு பள்ளி திறப்பது மார்ச்சுக்குப் போனபோது எங்கள் மடிப்பு சீசனும் கூடவே நகர்ந்தது.

இப்போது வருகிற பிள்ளைகள் ஆரி வேலை கேட்டுத்தான் வருகிறார்கள். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு ரவிக்கையில் நல்ல காசு. சொல்லித் தருகிறேன், ஆனால் பழைய ரவிக்கையைப் பிரித்த பிறகுதான். முத்தும் ஜரிகையும் கொட்டிய ரவிக்கை தோளில் நிற்காமல் வழுக்கி விழுந்ததை மணவறையிலேயே பார்த்திருக்கிறேன். யார் தைத்தது என்று கேட்கவில்லை, என் பிள்ளையாக இருந்துவிட்டால்?

அந்த முதல் வகுப்பில் பேப்பரைப் பற்றிச் சொல்லிவிட்டு நின்று, திரும்பி வந்த பிள்ளை இருக்கிறாளே, அவளுக்கே இப்போது பேரப்பிள்ளை. என் கடையிலிருந்து நாலு கடை தள்ளிக் கடை போட்டிருக்கிறாள். மடிப்புக்கு என்னைவிட ஒரு வெள்ளி குறைவு. கொஞ்ச நாள் எனக்கு மனது குறுகுறுத்தது, பொய் சொல்லக்கூடாது. இப்போது மடிப்பு வேலை வந்தால் நானே அவளிடம் அனுப்பிவிடுகிறேன், என் கண்ணுக்குக் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவதில்லை. சட்டைக் காலர் மட்டும் அவளுக்கு இன்னும் முனை சரியாக வராது. நேற்று போன் செய்து கேட்டாள். புதன்கிழமை கடை மூடியதும் வரச் சொல்லியிருக்கிறேன், அவள் வீட்டுக்காரரின் கிழிந்த சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு.